"முப்பத்தாறு வயசுல எம்.பி.ஏ. படிக்கலாமா மேடம்?"

வேலையை விடாமல் சனி, ஞாயிறுகளில் படிக்கும் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் பதில். பதில் சொல்பவர் 26 ஆண்டுகள் தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்தவர். 38 வயதில், இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, வார இறுதி எம்.பி.ஏ. படித்து முடித்தவர்.

கேள்வி: மேடம், நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். 36 வயது. வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் 13 வருடமாக இருக்கிறேன், இப்போது புரொடக்‌ஷன் மேனேஜர். கையில் வருவது மாதம் 95 ஆயிரம், அதில் வீட்டுக் கடன் தவணை 28 ஆயிரம். இரண்டு வருட வார இறுதி எம்.பி.ஏ.வுக்கு 15 லட்சம் ஆகும் என்கிறார்கள். என்னோடு சேர்ந்தவன் ஒருவன் எம்.பி.ஏ. முடித்து பிளாண்ட் ஹெட் ஆகிவிட்டான். நானும் படிக்கலாமா, இல்லை இந்த வயதில் இது வீண் செலவா?
(ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: வயதைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள் தம்பி. இந்தப் படிப்பே உங்கள் வயதுக்காரர்களுக்காகத்தான் உருவானது. 1943-ல் சிகாகோ பல்கலைக்கழகம் முதன்முதலாக இதை ஆரம்பித்தபோதே, ஏற்கெனவே பொறுப்பில் இருப்பவர்கள் வேலையை விடாமல் படிக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். 58 வயது வரை வேலை என்று வைத்தாலும் இன்னும் 22 வருடம் இருக்கிறது. அது சின்னக் காலம் இல்லை.

பணத்தைப் பார்ப்போம். 15 லட்சத்தை முழுக்கக் கடனாக, பத்தரை சதவீத வட்டியில், ஏழு வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 25,300 வரும். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது 21 லட்சத்தைத் தாண்டியிருக்கும். வீட்டுக் கடனையும் சேர்த்தால் 95-ல் 53 ஆயிரம் தவணைக்கே போய்விடும், மீதி 42 ஆயிரத்தில் குடும்பம் நடக்க வேண்டும். ஓசூரில் நடத்த முடியாது என்று நான் சொல்லவில்லை, ஆனால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வரும் மாதமும் யாராவது ஆஸ்பத்திரியில் படுக்கும் மாதமும் எப்படி இருக்கும் என்று வீட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்து எழுதிப் பாருங்கள். கையில் நாலைந்து லட்சம் சேமிப்பு சேர்த்துக்கொண்டு, மீதிக்கு மட்டும் கடன் வாங்கிச் சேர்ந்தால் மூச்சு விட இடம் இருக்கும். அதற்காக ஒரு வருடம் தள்ளிப் போட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது.

கடன் விஷயத்தில் இன்னொன்று. கல்விக் கடனுக்குக் கட்டும் வட்டிக்கு வருமான வரிச் சட்டப்படி எட்டு வருடம் வரை வரிக்கழிவு உண்டு. ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். புதிய முறைக்கு மாறியிருந்தால் கிடையாது. பெர்சனல் லோன் வாங்கிக் கட்டணம் கட்டிவிட்டு இந்தக் கழிவைக் கேட்க முடியாது, கல்விக் கடன் என்றே வாங்கியிருக்க வேண்டும்.

சரி, அப்படிக் கொடுக்கிற பணத்துக்கு என்ன கிடைக்கும்? இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். நான் மனிதவளத்தில் இருந்தபோது, தொழிலாளர்களுக்கு கேன்டீனை விரிவாக்கப் பணம் கேட்டு இரண்டு வருடம் அக்கவுண்ட்ஸ் மேனேஜரோடு மல்லுக்கட்டினேன். "பணம் இல்லைம்மா" என்பார். கம்பெனியோ அந்த இரண்டு வருடமும் நல்ல லாபம் காட்டியது. மனுஷன் பொய் சொல்கிறார் என்றே நம்பினேன். எம்.பி.ஏ. வகுப்பில் இரண்டாவது மாதமோ என்னவோ, அவரவர் கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கொண்டுவரச் சொன்னார் பேராசிரியர். அதுவரை அந்தப் புத்தகத்தில் 'ஊழியர் செலவு' என்ற ஒரு வரியைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். மாதம் நாலு கோடிக்குச் சரக்கு அனுப்புகிறோம், வாங்குபவர்கள் 90 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார்கள். அப்படியானால் எந்த நேரமும் நம் பணம் 12 கோடி அடுத்தவர் கையில் நிற்கிறது. அதை ஈடுகட்ட வங்கியில் பத்து சதவீதத்துக்கு வாங்கி ஓட்டினால் வருடத்துக்கு ஒரு கோடியே 20 லட்சம் வட்டி. லாபம் காகிதத்தில் இருக்கிறது, பெட்டியில் இல்லை. அந்த மனுஷன் இரண்டு வருடமும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "பெரிய வாடிக்கையாளர் இரண்டு பேரிடம் 90 நாளை 60 ஆக்கினால் கேன்டீனுக்குப் பணம் வருமா?" என்று கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அதுவரை நின்றுகொண்டேதான் பேசுவோம்.

உங்களுக்கும் இப்படி ஒன்று காத்திருக்கிறது. உங்கள் ஷாப் ஃப்ளோரில் இரண்டு மாதத்துக்குத் தேவையான கம்பி, காயிலை வாங்கி அடுக்கி வைத்திருந்தால், லைன் நிற்காது என்று உங்களுக்கு நிம்மதி. மேலே இருப்பவருக்கு அது தூங்கும் பணம். இரண்டையும் ஒரே ஆள் பார்க்கப் பழகுவதுதான் புரொடக்‌ஷன் மேனேஜர் பிளாண்ட் ஹெட் ஆவது. நல்ல படிப்பு இந்தப் பார்வையைக் கொடுக்கும். ஆனால் அந்தப் பார்வையைக் காட்ட உங்கள் கம்பெனியில் இடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதற்குப் படிப்பு பதில் சொல்லாது.

அதனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கம்பெனியில் உங்களுக்கு மேலே இரண்டு படியில் இருப்பவர்கள் யார் யார், அவர்கள் எதனால் அங்கே போனார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாதிப் பேர் எம்.பி.ஏ. என்றால் ஒரு பொருள். எல்லாரும் இன்ஜினியர்கள், ஆளுக்கொரு புதிய லைனை நிறுவிக் காட்டி மேலே போனவர்கள் என்றால் வேறு பொருள். அப்புறம் உங்கள் மேலதிகாரியிடமே நேராகக் கேளுங்கள்: "அடுத்த பதவிக்கு என்னிடம் என்ன குறை சார்?" அவர் பட்டத்தைச் சொன்னால் படியுங்கள். "விற்பனை ஆட்களோடு பேசத் தெரியவில்லை", "பட்ஜெட் போடத் தெரியவில்லை" என்று சொன்னால் அதற்கு 15 லட்சம் தேவையில்லை, பட்ஜெட் போடும் குழுவில் ஆறு மாதம் உட்கார வையுங்கள் என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் நண்பர் பிளாண்ட் ஹெட் ஆனதற்கு எம்.பி.ஏ.தான் காரணமா என்று அவரையே கேட்டுவிடுங்கள். கூடவே படித்தவர்களில் எத்தனை பேர் அப்படி ஆனார்கள் என்றும் கேளுங்கள்.

படிப்பது என்று முடிவானால், ஓசூரிலிருந்து உங்களுக்குப் பெங்களூர்தான் பக்கம். பன்னர்கட்டா சாலையில் இருக்கும் ஐஐஎம் (இந்திய மேலாண்மைக் கழகம்) வேலை பார்ப்பவர்களுக்காகவே இரண்டு வருட வார இறுதிப் படிப்பு நடத்துகிறது. ஆனால் கட்டணம் நீங்கள் சொல்வதைவிடக் கூடுதல், நுழைவும் கடினம். சென்னை என்றால் திருச்சி ஐஐஎம்மின் வார இறுதி வகுப்பு, ஐஐடி மெட்ராஸின் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ., லயோலா வளாகத்து லிபா மேலாண்மைக் கல்லூரியின் மாலை நேரப் படிப்பு என்று இருக்கின்றன. சென்னைக்கு ஒவ்வொரு வாரமும் ஓசூரிலிருந்து ஓடினால் மூன்றாவது மாதம் உடம்பு சொல்லிவிடும். தூரத்தையும் கட்டணத்தில் ஒரு பங்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரசு வங்கியில் ஸ்கேல் 2 அதிகாரியாக இருக்கிறேன். 41 வயது. தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. படித்தால் பதவி உயர்வுக்கு உதவுமா? அது செல்லுமா?
(ஒரு வாசகி, மதுரை)

பதில்: செல்லுமா என்ற கேள்விக்கு நேரான பதில்: யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம், அங்கீகாரம் பெற்ற பாடம் என்றால் செல்லும். தொலைநிலை, ஆன்லைன் பட்டங்களும் நேரடி வகுப்புப் பட்டங்களுக்கு இணையானவைதான் என்று 2022-ல் யூஜிசியே தெளிவுபடுத்தியது. இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) படித்தால் மொத்தச் செலவும் ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும், அதனால் பணம் பற்றியும் பெரிய கவலை வேண்டாம்.

உதவுமா என்பதில்தான் நான் யோசிக்கிறேன். நீங்கள் வங்கி ஊழியர்களுக்கான ஜேஏஐஐபி, சிஏஐஐபி தேர்வுகள் இரண்டையும் முடித்துவிட்டீர்களா? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. முடிக்கவில்லை என்றால் முதலில் அதை முடியுங்கள் அம்மா. வங்கி உலகம் அந்தத் தேர்வுகளுக்குத்தான் இன்க்ரிமென்ட் தருகிறது, கடன், இடர், பேலன்ஸ் ஷீட் என்று உங்கள் மேசைக்கு நாளைக்கே வரும் விஷயங்களும் அதில்தான் இருக்கின்றன. ஸ்கேல் 2-லிருந்து 3-க்குப் போவது பணிக்காலம், வருடாந்திர மதிப்பீடு, தேர்வு, நேர்காணல் என்று போகும். உங்கள் வங்கியின் பதவி உயர்வுச் சுற்றறிக்கையை எடுத்துப் பாருங்கள், கல்வித் தகுதிக்குத் தனியாக மதிப்பெண் போட்டிருக்கிறார்களா என்று. போட்டிருந்தால் எம்.பி.ஏ. படியுங்கள். இல்லையென்றால், ஒருநாள் வங்கியை விட்டு வெளியே வந்து தனியார் நிதி நிறுவனத்தில் சேரவோ, கல்லூரியில் பாடம் நடத்தவோ ஆசை இருந்தால் படியுங்கள். ஆசைக்காகப் படிப்பதும் நல்ல காரணம்தான். எதற்காகப் படிக்கிறோம் என்பது மட்டும் உங்களுக்குத் தெளிவாக இருக்கட்டும்.

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் டீம் லீடு, 29 வயது, கல்யாணம் ஆகவில்லை. கோடிங்கை விட்டு புராடக்ட் மேனேஜ்மென்ட் பக்கம் போக வேண்டும். வேலையில் இருந்துகொண்டே படிப்பதா, விட்டுவிட்டு ஒரு வருட எம்.பி.ஏ. போவதா?
(ஒரு வாசகர், துரைப்பாக்கம், சென்னை)

பதில்: இந்த இரண்டையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டுக்குமே 'எக்ஸிகியூட்டிவ்' என்று பெயர் ஒட்டியிருப்பதுதான் காரணம். அகமதாபாத் ஐஐஎம்மின் பிஜிபிஎக்ஸ், பெங்களூரின் இபிஜிபி, கல்கத்தாவின் ஒரு வருடப் படிப்பு எல்லாம் அனுபவசாலிகளுக்குத்தான், ஆனால் வேலையை விட்டுவிட்டு வளாகத்திலேயே தங்கிப் படிக்க வேண்டும். ஹைதராபாத் ஐஎஸ்பியும் (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) அப்படித்தான், நம் மாமல்லபுரம் பக்கத்தில் இருக்கும் கிரேட் லேக்ஸின் ஒரு வருடப் படிப்பும் அப்படித்தான். அங்கே கேம்பஸ் பிளேஸ்மென்ட் இருக்கும். வார இறுதிப் படிப்புகளில் பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் உங்களுக்குத்தான் ஏற்கெனவே வேலை இருக்கிறதே!

இருக்கிற துறையிலேயே மேலே போக வார இறுதிப் படிப்பு பொருந்தும். துறையையே மாற்ற வேண்டும் என்றால் முழுநேரப் படிப்புக்குத்தான் பலம் அதிகம், புதிய துறையின் ஆட்கள் வளாகத்துக்கே வந்து உங்களைப் பார்ப்பார்கள் என்பதால். உங்களுக்கு வயதும் இருக்கிறது, குடும்பப் பொறுப்பும் இன்னும் வரவில்லை. ஆனால் விலையைப் பாருங்கள். பிஜிபிஎக்ஸ் போன்ற படிப்புக்குக் கட்டணமே 30 லட்சத்துக்கு மேல், கூடவே ஒரு வருடச் சம்பளமும் போகிறது. இப்போது வருடம் 18 லட்சம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், உண்மையான விலை 50 லட்சத்துக்குப் பக்கத்தில். சிலர் சம்பள இழப்பைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது தப்பு.

இதற்கும் முன்னால் ஒன்று. புராடக்ட் மேனேஜ்மென்ட் என்பது உங்கள் கம்பெனியிலேயே பக்கத்துத் தளத்தில் நடக்கும் வேலையாக இருக்கலாம். அங்கே உள்மாற்றம் கேட்டுப் பார்த்தீர்களா? ஆறு மாதம் அந்த ஆட்களோடு உட்கார்ந்து, வாடிக்கையாளர் அழைப்புகளைக் கேட்டு, எந்த அம்சம் வேண்டும் எது வேண்டாம் என்று சண்டை போட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் உள்ளேயே மாறிவிடலாம். பிடித்தும் மாற்றம் கிடைக்கவில்லை என்றால் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான ஜிமேட் எழுதுங்கள், அந்த மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும் என்பதால் அவசரம் இல்லை. எதற்கும் வேலையை விடும் கடிதத்தைச் சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

கேள்வி: கம்பெனி பாதிக் கட்டணம் தருகிறது. படிப்பு முடிந்து இரண்டு வருடம் வேலையை விடக் கூடாது என்று பாண்ட் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? பாண்ட் எல்லாம் கோர்ட்டில் நிற்காது என்கிறார்களே?
(ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: நிற்காது என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025-ல் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடம் முடிவதற்கு முன்னால் வேலையை விட்டால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொல்லிவிட்டது. உங்களைக் கட்டாயப்படுத்தி வேலையில் உட்கார வைக்க முடியாது, ஆனால் உங்களுக்காகச் செலவழித்த பணத்தை நியாயமான அளவில் திருப்பிக் கேட்க முடியும்.

பாதிக் கட்டணம் நல்ல உதவி. எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போடும் முன் மூன்று இடத்தை விரல் வைத்துப் படியுங்கள். இரண்டு வருடம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது? படிப்பில் சேரும் நாளா, தேர்வு முடியும் நாளா, பட்டம் கைக்கு வரும் நாளா? பட்டமளிப்பு விழா தள்ளிப் போனால் உங்கள் பாண்டும் சேர்ந்து நீளும். அடுத்து, ஒரு வருடம் இருந்துவிட்டுப் போனால் பாதி கட்டினால் போதுமா, முழுசும் கட்ட வேண்டுமா? மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வரும்படி எழுதச் சொல்லுங்கள், பெரும்பாலான மனிதவள மேலாளர்கள் மறுக்க மாட்டார்கள், நானே பலருக்கு அப்படி மாற்றிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது, கம்பெனியே உங்களை வேலையை விட்டு எடுத்தால் என்ன ஆகும்? அந்த நிலையில் ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை என்று ஒரு வரி இருக்க வேண்டும். இந்த வரி இல்லாத பாண்டில் கையெழுத்துப் போட்டு, ஆள்குறைப்பில் வேலையும் போய்ப் பணமும் கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் அன்று என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை.

கேள்வி: நான் டிப்ளமோ முடித்தவன், 15 வருட அனுபவம், சூப்பர்வைசர். "அனுபவம் இருந்தால் போதும், டிகிரி தேவையில்லை, ஆறே மாதத்தில் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ., பரீட்சை வீட்டிலேயே எழுதலாம், 60 ஆயிரம்" என்று போனில் சொல்கிறார்கள். இன்றைக்குள் பணம் கட்டினால் பத்தாயிரம் தள்ளுபடியாம். சேரலாமா?
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: கட்டாதீர்கள். கட்டவே கட்டாதீர்கள்.

எம்.பி.ஏ. என்பது முதுநிலைப் பட்டம். இளநிலைப் பட்டம் இல்லாமல் அதில் சேர முடியாது, 15 வருடம் என்ன, 30 வருட அனுபவம் இருந்தாலும் சரி. 1956-ம் வருட யூஜிசி சட்டப்படி பட்டம் கொடுக்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அதிகாரம் கொடுத்த நிறுவனங்களுக்கும் மட்டும்தான். ஐஐஎம்களே இந்த விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் இருந்தன. 1961-ல் அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் ஆரம்பித்த ஐஐஎம்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் டிப்ளமோதான் கொடுத்தார்கள், பட்டம் கொடுக்க முடியவில்லை. 2017-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்ட பிறகுதான் எம்.பி.ஏ. என்று அச்சடிக்க முடிந்தது. அவர்களுக்கே அப்படி என்றால், போனில் பேசும் ஆள் ஆறு மாதத்தில் எப்படிக் கொடுப்பார்?

இனி இப்படி யார் பேசினாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்?" பெயர் சொன்னால் யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும், அந்தப் பாடமும், இந்த வருடமும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், மூன்றும் இருக்க வேண்டும். பிஜிடிஎம் (முதுநிலை மேலாண்மை டிப்ளமோ) என்று சொன்னால் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் தளத்தில் பாருங்கள். யூஜிசி போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் தனியாக வெளியிடுகிறது. "நாங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் கிளை" என்று சொன்னாலும் நம்ப வேண்டாம், கிளைக்கு உரிமம் கொடுத்துப் பாடம் நடத்துவதை 2020-ம் வருட விதிகள் தடை செய்திருக்கின்றன.

பெரிய பெயருள்ள இடங்களும் ஆறு மாத, பத்து மாதச் சான்றிதழ் படிப்புகள் நடத்துகின்றன. அவை பொய் இல்லை, பாடமும் நன்றாக இருக்கலாம், ஆனால் பட்டம் கிடையாது. இதற்கு ஒரு சுலபமான அடையாளமும் உண்டு. பட்டப்படிப்புக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, இந்தச் சான்றிதழ் படிப்புகளின் ரசீதில் 18 சதவீதம் ஏறியிருக்கும்.

உங்கள் நிலைமையில் நான் இருந்தால் முதலில் பட்டத்துக்கு வழி தேடுவேன். வேலை பார்க்கும் டிப்ளமோக்காரர்களுக்கான பகுதி நேர பி.இ. கோயம்புத்தூரில் பல வருடங்களாக நடக்கிறது, சேலத்திலும் அரசுக் கல்லூரியில் விசாரித்துப் பாருங்கள். அதற்கு நேரம் இல்லை என்றால் இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ ஒரு பட்டம். மூன்று நான்கு வருடம் ஆகும், தெரியும். ஆனால் அந்தப் பட்டத்தை யாரும் மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளி வைக்க முடியாது. நேர்முகத்தில் போலிச் சான்றிதழோடு வந்த நல்ல வேலைக்காரர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் கை தேர்ந்தவர்கள்தான், ஏமாந்தவர்கள்தான், ஆனாலும் சரிபார்ப்பில் அது பொய்யென்று வந்த பிறகு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்தச் சான்றிதழைச் சேர்க்காமல் டிப்ளமோவோடு மட்டும் வந்திருந்தால் வேலை கிடைத்திருக்கும்.

கேள்வி: என் கணவர் வார இறுதி எம்.பி.ஏ.வில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. சனி, ஞாயிறு வகுப்பு, மற்ற நாளில் ஆபீஸ், ராத்திரி குரூப் அசைன்மென்ட் என்று போனில். ஆறு வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள். நானும் வேலைக்குப் போகிறேன். அவர் நன்றாக வர வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை, ஆனால் இரண்டு வருடம் இப்படியே போகுமா? கேட்டால் கோபம் வருகிறது, கேட்காமலும் இருக்க முடியவில்லை.
(ஒரு வாசகி, திருச்சி)

பதில்: வந்த கடிதங்களில் இதைத்தான் நான் முதலில் படித்தேன், பல தடவை படித்தேன். என் வீட்டில் உங்கள் இடத்தில் என் கணவர் இருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன். முதல் வருடம்தான் மிகக் கடினம். புள்ளியியல், கணக்கு, பொருளாதாரம் என்று கல்லூரிக்குப் பிறகு தொடாத பாடங்கள் எல்லாம் மொத்தமாக முதலில் வந்து விழும். படிக்கும் பழக்கமும் விட்டுப் போயிருக்கும். இரண்டாவது வருடம் அவரே பாடம் தேர்ந்தெடுப்பார், கொஞ்சம் இளகும். அதனால் இப்படியே இரண்டு வருடம் போகாது. ஆனால் தானாகவும் சரியாகிவிடாது, இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

நான் செய்த தப்பு என்னவென்றால், படிப்பு எனக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைத்தேன். அடுக்களையில் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து படிக்கும்போது, என்னைவிட யார் கஷ்டப்படுகிறார்கள் என்று இருக்கும். அந்த நேரத்தில் ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் ஒன்று கூட இல்லாமல், இரண்டு பிள்ளைகளையும் அவர் தனியாகச் சமாளிப்பது என் கண்ணில் படவே இல்லை. என் மகளின் பள்ளி ஆண்டு விழா என் தேர்வு நாளில் வந்தது. விழாத் தேதி ஒரு மாதம் முன்பே தெரியும், டைரியில் எழுதியும் இருந்தார்கள், நான்தான் பார்க்கவில்லை. அவள் மயில் வேஷம் போட்டிருந்த போட்டோ இன்னும் வீட்டில் இருக்கிறது, அதில் நான் இல்லை.

கோபம் வரும் நேரத்தில் கேட்காதீர்கள். ஞாயிறு இரவு வகுப்பு முடிந்து வரும்போது மனுஷனுக்குத் தலை சுற்றிக்கொண்டிருக்கும், அப்போது எதைக் கேட்டாலும் சண்டைதான். புதன்கிழமை மாதிரி ஒரு நாளில் பேசுங்கள். கல்லூரி ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு அட்டவணை கொடுத்திருக்கும், எந்த வாரம் வகுப்பு, எந்த வாரம் தேர்வு, எந்த வாரம் விடுமுறை என்று. அதைக் கேட்டு வாங்குங்கள். அதே தாளில் பிள்ளைகளின் பள்ளித் தேதிகளையும், உங்கள் ஆபீசில் வேலை நெருக்கும் மாதக் கடைசி நாட்களையும் எழுதுங்கள். வகுப்பு இல்லாத வார இறுதிகள் சில அதில் கண்டிப்பாக இருக்கும். அவை பிள்ளைகளுக்கு. பிறகு ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு மாலை, இரண்டு மணி நேரம் போதும், அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், நீங்கள் கோயிலுக்குப் போங்கள், தோழியைப் பாருங்கள், சும்மா படுத்துத் தூங்குங்கள். குரூப் அசைன்மென்ட் போன் எத்தனை மணியோடு முடிய வேண்டும் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். அவர் குழுவில் இருக்கும் மற்றவர்களுக்கும் வீட்டில் இதே பிரச்சினைதான் இருக்கும். யாராவது ஒருவர் "பத்து மணிக்கு மேல் வேண்டாமே" என்று சொல்ல மாட்டாரா என்றுதான் எல்லாரும் காத்திருப்பார்கள். எங்கள் குழுவில் அதைச் சொன்னது ஒரு மருந்துக் கம்பெனி மேனேஜர், அன்றிலிருந்து பத்து மணிக்கு மேல் யாரும் கூப்பிடவில்லை, மதிப்பெண்ணும் குறையவில்லை.

முடிந்தால் வீட்டு வேலைக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு ஆள் வையுங்கள். அந்தச் சம்பளத்தையும் படிப்புச் செலவில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள் அவரை. அவர் படிப்பதை உங்களிடம் சொல்லட்டும், நீங்கள் உங்கள் ஆபீஸில் நடப்பதைச் சொல்லுங்கள், அவர் வகுப்பில் கேட்டது உங்கள் வேலைக்கும் சில இடத்தில் பொருந்தும். அந்த அட்டவணைத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். பள்ளி விழாத் தேதியை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள்.